அயர்லாந்தில் இடமில்லையாம்!

1847இல் கியூபெக் அருகே குரோஸ் தீவில் ஐயாயிரம் பேருக்கு மேல் புதைத்தார்கள். பெரும்பாலோர் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி, காய்ச்சலில் செத்த அயர்லாந்துக்காரர்கள். அந்தக் கப்பல்களுக்குப் பெயரே சவப்பெட்டிக் கப்பல்.

இதையெல்லாம் மறக்க முப்பது வருடம் போதுமாக இருந்தது. 1877இல் சான் பிரான்சிஸ்கோ பொட்டலில் மேடையேறி நின்று, சீனர்கள் ஊரைவிட்டு ஓட வேண்டும் என்று முழங்கியவர் யார்? கார்க் மாவட்டத்தில் பிறந்த டெனிஸ் கியர்னி. அவரே வந்தேறி! 1882இல் சட்டமே போட்டுச் சீனத் தொழிலாளருக்குக் கதவை அடைத்தது அமெரிக்கா. பந்தியில் இடம் கிடைத்ததும் பக்கத்து இலையை இழுத்து மடிக்கிற பெருந்தன்மை.

அமெரிக்காவில் குடியேறிய அயர்லாந்துக்காரர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வரலாறு என்றால் பச்சை நிறம். ஒவ்வொரு மார்ச்சிலும் சிகாகோ நதியில் சாயம் கலக்கி, பச்சை பீர் குடித்துக் கொள்ளுப்பாட்டிக்காக உருகுவார்கள். அதே மார்ச்சில் அயர்லாந்துப் பிரதமர் கண்ணாடிக் கிண்ணத்தில் ஷாம்ராக் இலை ஏந்தி வெள்ளை மாளிகை வாசலில் நிற்பார். விசா முடிந்தும் பாஸ்டனில் ஒளிந்து வாழும் எங்கள் பிள்ளைகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எத்தனை பிரதமர்கள் மன்றாடியிருக்கிறார்கள்!

சரி, சொந்த ஊரில்? 2004 குடியுரிமை வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 79 பேர் ஒரு புது விதிக்குக் கை தூக்கினார்கள். டப்ளினிலேயே பிறந்தாலும், பெற்றோர் அந்நியர், வதிவிடக் கணக்கு சரியில்லை என்றால் அந்தக் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது. அயர்லாந்து மண்ணை மிதிக்காத பாஸ்டன்காரருக்கோ அங்கே பிறந்த ஒரு தாத்தா போதும், பெயரைப் பதிந்து பாஸ்போர்ட் வாங்கிவிடலாம். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு.

இப்போது ‘அயர்லாந்து நிரம்பிவிட்டது’ என்று அட்டை பிடித்து ஊர்வலம் வேறு. 1841 கணக்கெடுப்பில் அந்தத் தீவில் 81 லட்சத்துக்கும் மேல். இன்று 70 லட்சம் சொச்சம். உங்கள் முன்னோர் செத்தும் ஓடியும் காலி செய்த இடமே இன்னும் நிரம்பவில்லை, ஐயா! 2023 டிசம்பரில் கால்வே மாவட்டத்து ரோஸ்காஹிலில், அகதிகளுக்கென்று ஒதுக்கிய ஓட்டல் அவர்கள் வருவதற்கு முன்பே எரிந்தது.

டப்ளினில் லிஃபி ஆற்றங்கரையில் பஞ்சத்தில் கப்பலேறியவர்களுக்கு வெண்கலச் சிலைகள் நிற்கின்றன: எலும்பும் தோலுமாய், கையில் மூட்டையுடன். அதே நகரத்தின் கிராண்ட் கால்வாய்க் கரையில் 2024இல் அகதிகளின் கூடாரங்களைப் பிடுங்கி இரும்பு வேலி போட்டார்கள். உயிரோடு வந்ததுதான் அவர்கள் செய்த தப்பு. வெண்கலமாக வந்திருந்தால் மாலையே கிடைத்திருக்கும்.