யூனிட்டுக்குப் பத்து ரூபாய்

மதுரை கோரிப்பாளையத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறவர் இந்த வீட்டுக்காரரிடம் சிக்காமல் தப்பியதில்லை. கீழ்த்தளத்தில் தான் குடியிருந்துகொண்டு, மேலே உள்ளதை நான்கு போர்ஷனாக வகுந்து விட்டிருப்பார். ராஜாஜி ஆஸ்பத்திரி நர்ஸ், அமெரிக்கன் கல்லூரிப் பையன்கள், புதுமணத் தம்பதி என்று யார் வந்தாலும் ஊர், வேலை, கறி சமைப்பார்களா என்பதெல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் முக்கியமான கேள்வி வரும்.

"தம்பி, ஏசி வச்சிருக்கீகளா?"

"இல்லண்ணே, ஃபேன்தான்" என்றால் முகம் மலரும். "இருக்குண்ணே" என்றால் இன்னும் நன்றாக மலரும்.

காரணம், வீடு மொத்தத்துக்கும் மின் இணைப்பு ஒன்றுதான். போர்ஷனுக்கு ஒரு சப்-மீட்டர் மாட்டி, யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வசூல். அரசு வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016லேயே அறிவித்தாயிற்று. அந்த நூறு எங்கே போகிறது என்று கேட்டுவிட்டால் போதும், மனிதர் திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடம் எடுப்பார்.

"500க்குள்ள இருந்தா ஒரு ரேட்டு, தாண்டுனா வேற ரேட்டு, தெரியும்ல? 101ல இருந்து 200 வரைக்கும் நாம ஏற்கெனவே எரிச்ச யூனிட்டுக்கும் டபுளாப் போட்டுருவான். அந்த 501ஆவது யூனிட்டு ஒத்தைக்கு மட்டும் எரநூறு ரூவாய்க்கு மேல ஆகுது தம்பி. நாலு ஏசி ஓடுற வீட்டுல நான் எங்கிட்டுப் போக?"

கணக்கில் பிழையே கிடையாது. ஆயிரம் யூனிட்டைத் தாண்டினால் அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் பத்து ரூபாய்க்கு மேலேயே ஆகிவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் மார்கழி மாதம், யாரும் ஏசி பக்கமே போகாதபோதும் அதே பத்து ரூபாய்தான். அப்போது திண்ணையில் பாடம் நடப்பதில்லை.

யூனிட்டில் இவ்வளவு புலியாக இருப்பவர் கூரை விஷயத்தில் பச்சைக் குழந்தை. மேல் போர்ஷனுக்கு மேலே வெறும் கான்கிரீட். தட்டோடு பதிக்கவில்லை, வெள்ளைப் பூச்சும் கிடையாது. அக்னி நட்சத்திரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது தளம் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க வீட்டுக்குள்ளே கக்கும். ஃபேனைப் போட்டால் அந்த அனலைத்தான் பங்கு பிரித்துக் கொடுக்கும். ஏசியும் நிற்காமல் ஓடும், சப்-மீட்டரும் ஓடும். ஆகவே, கூரைக்குச் செலவு செய்வது அவருக்கு இரட்டை நஷ்டம்.

வீடு காட்டுவது காலை ஏழு மணிக்குத்தான். "சன்னலத் தொறந்தா வைகைக் காத்து அள்ளும்" என்பார். ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களிலும் அந்தக் காற்று விளம்பரத்தில் வீசிக்கொண்டுதான் இருக்கும். மொட்டைமாடித் தொட்டியில் மத்தியானம் தண்ணீர் கொதிப்பதையும் வசதிக் கணக்கில் சேர்த்துவிடுவார்: "ஹீட்டர் செலவே கெடையாது தம்பி." குடியிருப்பவர்களோ விடியற்காலையில் பக்கெட் பக்கெட்டாகப் பிடித்து வைத்து, அதில் சாயங்காலம் குளிக்கிறார்கள்.

ராத்திரி பத்து மணிக்கு நான்கு ஏசியும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போகும். அப்போது டார்ச்சோடு படியேறி வந்து, 24ல் வைக்கச் சொல்லி அரசாங்கமே சொல்கிறது என்று பேச ஆரம்பிப்பார். அதுவும் பொய்யில்லை, 2020 முதல் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் மின்சாரம் சுமார் ஆறு சதவீதம் மிச்சம் என்றும் அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. சொல்லிவிட்டு இறங்கிப் போகிறவரின் அறைக் கதவு திறந்தால், மாடிப்படி வரைக்கும் ஜில்லென்று வரும். அவர் 18ல் வைத்திருப்பார்.

வாடகை பாக்கி என்றால் கரண்டை நிறுத்த மாட்டார். 2019ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் அதை அனுமதிக்காது என்று அவருக்குத் தெரியும். ஃபியூஸ் போடத்தான் மறந்துபோவார்.

வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. மத்தியானம் மூன்று மணிக்குப் போங்கள், மேல்தளத்து உட்கூரையைக் கையால் தொட்டுப் பாருங்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் சப்-மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.