வாழ்ந்து பார்க்க எட்டு ஜிபி

எனக்கு ஒரு கணினி வேண்டும் என்று சொன்னபோது வீட்டில் யாரும் எதிர்க்கவில்லை. எதற்கு என்று கேட்டார்கள், சொன்னேன், அதற்குப் பிறகுதான் எதிர்த்தார்கள்.

ஓய்வு பெற்ற பெண்மணி கணினி கேட்பதற்கு நியாயமான காரணங்கள் என்று சிலவற்றை ஊர் ஒதுக்கி வைத்திருக்கிறது. வெளிநாட்டுப் பேரனை வீடியோவில் கொஞ்சலாம். ரசப்பொடிக்கு ஒரு யூடியூப் சேனல் தொடங்கலாம். பென்ஷன் கணக்குப் பார்க்கலாம். கூட்டுறவு வங்கியில் பேரேடு புரட்டி ஓய்வு பெற்ற ஒருத்தி 'தி சிம்ஸ் 4' விளையாட ஆசைப்படுவது அந்தப் பட்டியலில் வராது. கோடை விடுமுறைக்கு வந்த தங்கை மகள்தான் அதை எனக்குப் பழக்கிவிட்டு ஊருக்குப் போனாள். போகும்போது தன் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிரச்சினை அங்கே ஆரம்பித்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த விளையாட்டில் துப்பாக்கி கிடையாது, எதிரி கிடையாது, ஜெயிப்பது என்பதே கிடையாது. நாமாக நாலு மனிதர்களைப் படைத்து, ஒரு வீடு கட்டி, உள்ளே குடிவைக்க வேண்டியது. அவர்களுக்குப் பசிக்கும், தூக்கம் வரும், அவசரமாகக் கழிப்பறை தேடுவார்கள். குளிக்காவிட்டால் நாறுவார்கள். பேச ஆளில்லாவிட்டால் வாடுவார்கள், பொழுது போகாவிட்டால் முகத்தைத் தொங்கப்போடுவார்கள். இந்த ஆறு தேவைகளும் பச்சையிலிருந்து சிவப்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆட்டம்.

என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் நிராகரிப்பார். முழுதாகக் கேட்டார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதைத்தானே இங்க பண்ணிட்டிருக்க? அதுக்குத் தனியா ஒரு மெஷின் எதுக்கு?"

"அங்க ஆம்பளைங்க சொல்லாமலே எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுறாங்க. அதைப் பார்க்கணும்."

அதற்குமேல் அவர் பேசவில்லை.

இந்த விளையாட்டின் முதல் பாகத்தை உருவாக்கிய வில் ரைட்டுக்கு இந்த யோசனை வந்த கதை எனக்குப் பிடிக்கும். 1991 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் மலைப்பகுதியில் பரவிய பெருந்தீயில் அவர் வீடு எரிந்துபோயிற்று. தட்டுமுட்டுச் சாமான் முதல் எல்லாவற்றையும் மறுபடி வாங்கவேண்டிய நிலையில், ஒரு மனிதனுக்கு உண்மையில் என்னென்னதான் வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்திருக்கிறார். கம்பெனி நிர்வாகத்துக்கு முதலில் இதில் ருசி தட்டவில்லை. கழிப்பறை கழுவுவதை யார் காசு கொடுத்து விளையாடுவார்கள்? 2000 பிப்ரவரியில் வெளிவந்தது. இரண்டே வருடத்தில், அதுவரை மிக அதிகம் விற்ற கணினி விளையாட்டாக இருந்த 'மிஸ்ட்'டைத் தாண்டிவிட்டது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. நிஜத்தில் யார் கண்ணிலும் படாத வேலையைச் செய்பவளுக்கு அங்கே தலைக்கு மேலே பச்சைக் கல் ஒன்று மின்னிக்கொண்டிருக்கிறது.

சரி, கணினிக்கு வருவோம். பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் மகனிடம் கேட்டேன். இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் கணினி பற்றி யோசனை கேட்பது தவறில்லை. ஆனால் அவர்கள் தங்களுக்கு வேண்டியதைத்தான் சொல்வார்கள். ஆர்டிஎக்ஸ் கார்டு, பதினாறு ஜிபி ரேம், 144 ஹெர்ட்ஸ் திரை என்று அடுக்கினான்.

"144ன்னா என்னடா?"

"ஸ்க்ரீன் செகண்டுக்கு 144 தடவை ரிஃப்ரெஷ் ஆகும்மா. ஸ்மூத்தா இருக்கும்."

ஒருத்தி கட்டிலை விட்டு இறங்கிக் குளியலறைக்குப் போவதை நொடிக்கு 144 தடவை பார்க்க அதில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அவன் சொன்ன கணினியின் சார்ஜரைப் பற்றி விசாரித்தவர் வீட்டுக்காரர்தான். அதில் 200 வாட் என்று போட்டிருந்தது. உடனே ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். தினம் மூன்று மணி நேரம், இரண்டு மாதம், முழு இழுவை: 36 யூனிட். சாதாரண லேப்டாப்பின் 65 வாட் சார்ஜர் என்றால் 12 யூனிட்கூட வராது. "இலவச நூறு யூனிட்ல மூணுல ஒரு பங்கை உன் பொம்மைங்களே தின்னுடும்" என்றார். வாழ்நாளெல்லாம் மீட்டரோடு வாழ்ந்தவரிடம் வாதாட முடியாது. மகனுடைய யோசனை அத்தோடு தள்ளுபடி.

பிறகு நானே உட்கார்ந்து படித்தேன். நான்காம் பாகம் வெளிவந்தது 2014இல். அன்றைய எளிய கணினியிலும் ஓடவேண்டும் என்று நினைத்துச் செய்யப்பட்டது. குறைந்தபட்சத் தேவை என்று விளையாட்டுக்காரர்களே போட்டிருப்பது 4 ஜிபி ரேம், 128 எம்பி வீடியோ நினைவகம். அவர்கள் சிபாரிசு செய்வது 8 ஜிபி. இந்தக் 'குறைந்தபட்சம்' என்பது டவுன் பஸ்ஸில் படியில் ஒற்றைக் கால் வைக்க இடம் கிடைப்பது மாதிரி. ஊர் போய்ச் சேரலாம், ஆனால் அதை யாரும் பயணம் என்று சொல்லமாட்டார்கள். ஆகவே எட்டு. அதோடு எஸ்எஸ்டி கட்டாயம், ஏனென்றால் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இந்த விளையாட்டு திறப்பதற்குள் நிஜ வீட்டில் சாம்பார் வைத்து இறக்கிவிடலாம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அழகு, இல்லாவிட்டால் குடி முழுகாது. பிராசஸரோடு கூடப் பிறந்த கிராஃபிக்ஸே போதும். ஆனால் அதற்குச் சொந்தமாக நினைவகம் கிடையாது, ரேமில்தான் பங்கு கேட்கும். அதனால் எட்டு ஜிபியை ஒரே ஸ்டிக்காகப் போடாமல் நாலும் நாலுமாக இரண்டு போட்டால் படம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வேகம் கூடும். இதை எந்தக் கடைக்காரரும் தானாகச் சொல்லவில்லை.

இவ்வளவு ஞானத்தோடு ரிச்சி தெருவுக்குப் போனேன். சிந்தாதிரிப்பேட்டையில், அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சந்தில் ஒயர் முதல் சர்வர் வரை கிடைக்காதது இல்லை. நடக்க இடம் மட்டும் கிடைக்காது.

முதல் கடையில் பையன் வரவேற்றான். "சொல்லுங்க ஆன்ட்டி. பேரனுக்கா?"

"எனக்கு."

"ஓ. டைப்பிங், பிரவுசிங்?"

"கேம்."

பையன் என்னை ஒரு தடவை பார்த்தான், வீட்டுக்காரரை ஒரு தடவை பார்த்தான். 'ஆன்ட்டி' அந்த நொடியே 'மேடம்' ஆயிற்று. உள்ளேயிருந்து விசைப்பலகை முழுக்கச் சிவப்பும் நீலமுமாக எரியும் ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தான். மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் சீரியல் பல்பு கட்டியிருப்பார்களே, அது கொஞ்சம் அடக்கமாகவே இருக்கும். "ஜிடிஏ அடிச்சுத் தூக்கும் மேடம், 70,000." எனக்கு யாரையும் அடிக்கவும் வேண்டாம் தூக்கவும் வேண்டாம், ஒரு வீட்டில் திண்ணை வைத்துக் கட்டவேண்டும் என்றேன். "வீடு கட்டுறதா? அப்ப ஆட்டோகேடு கேளுங்க மேடம்" என்று பக்கத்துக் கடையைக் காட்டினான்.

பக்கத்துக் கடையில் 22,000 ரூபாய்க்குப் புத்தம் புதியது இருந்தது. பெட்டி மணக்க மணக்க. செலரான் பிராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி. மலிவில் வாங்குகிறவர்கள் விழும் பள்ளம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். புதுசு என்பதாலேயே நல்லது என்று தோன்றிவிடும். அந்த 64இல் விண்டோஸ் குடியேறி, அப்டேட்டுகள் சம்பந்திகளாக வந்து தங்கிய பிறகு மிஞ்சும் இடத்தில் இந்த விளையாட்டு கால் நீட்ட முடியாது. "மெமரி கார்டு போட்டுக்கலாம்மா" என்றார் கடைக்காரர். அந்த வேகத்தில் ஓடினால் என் சிம்ஸ்களுக்குப் பசித்து, சமைத்து, தட்டில் போடுவதற்குள் உயிர் போய்விடும். அந்த உலகத்தில் எமன் நேரிலேயே வருவான், கறுப்பு அங்கியும் அரிவாளுமாக. அவனுக்கு அடிக்கடி வேலை வைக்க எனக்கு மனசில்லை.

மாடியில் ஒரு கடை. கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துப்போடும் லேப்டாப்புகளைத் துடைத்து, சோதித்து விற்கிறார்கள். வரிசை வரிசையாகக் கறுப்புப் பெட்டிகள். அலங்காரம் ஒன்றும் இல்லை. பார்த்ததும் எனக்கு எங்கள் வங்கி ஞாபகம் வந்து, மரியாதையும் வந்தது.

"ஐ5 மேடம், தங்கம்" என்றார் கடைக்காரர்.

"எத்தனாவது ஜெனரேஷன்?"

அவர் முகத்தில் அன்று முதல்முறையாக யோசனை தெரிந்தது. ஏழு என்றார். வேண்டாம் என்றேன். ஏழாம் தலைமுறை லேப்டாப்பில் வரும் ஐ5-7200யூவுக்கு இரண்டு கோர். எட்டாம் தலைமுறை 8250யூவுக்கு நான்கு. இரண்டின் மேலும் அதே ஐ5 ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கும். அது மட்டுமில்லை, விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவது, இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான். அதற்கு முந்தையது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

எட்டாம் தலைமுறையில் ஒன்று வந்தது. 19,000. கண்ட்ரோல், சி, வி ஆகிய மூன்று விசைகள் மட்டும் தேய்ந்து எழுத்தே தெரியவில்லை. முந்தைய உரிமையாளர் எந்த மாதிரி உத்தியோகத்தில் இருந்தார் என்று ஊகிக்க முடிந்தது. பேட்டரி அறிக்கை எடுத்துக் காட்டச் சொன்னேன். விண்டோஸில் ஒரு வரிக் கட்டளை கொடுத்தால், பேட்டரி பிறந்தபோது எவ்வளவு தாங்கியது, இன்றைக்கு எவ்வளவு தாங்குகிறது என்று இரண்டையும் மில்லிவாட்-அவரில் போட்டுக் கொடுத்துவிடும். அதுவரை வாசலில் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் அந்த அலகைக் கேட்டதும் உள்ளே வந்து மூக்குக்கண்ணாடியை மாட்டினார். "நாப்பது பர்சென்ட் செத்துப்போச்சு. ஆயிரத்தைநூறு குறைச்சுக்குங்க." குறைத்தார்கள். எனக்கு அவர்மேல் புது மதிப்பு வந்தது. அதில் கிடந்த ஒற்றை ரேமை எடுத்துவிட்டு, நாலும் நாலுமாக மாட்டச் சொன்னேன்.

"என்ன கேம் மேடம்?" என்றான் ரேம் மாட்டிய பையன். சொன்னேன். "அதா! எல்லா பேக்கும் சேர்த்துப் போட்டுத் தர்றேன், ஐநூறு ரூபா குடுங்க" என்றான் குரலைத் தாழ்த்தி. பேரேட்டில் பத்துப் பைசா உதைத்தாலும் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து தேடியவள் நான். வேண்டாம் என்றேன். ஆனால் அவன் ஏன் குரலைத் தாழ்த்தினான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

அடிப்படை விளையாட்டு 2022 அக்டோபரிலிருந்து இலவசம். மற்றதெல்லாம் தனித்தனி விலை. மழை, வெயில் வேண்டுமா? 'சீசன்ஸ்' வாங்கு. நாய், பூனை? தனி. துணி துவைக்கவேண்டுமா? அதற்கு 2018இல் ஒரு பேக் விட்டிருக்கிறார்கள். துணி துவைக்கும் வேலையைக் காசு கொடுத்து விலைக்கு வாங்குகிற ஜனங்களும் உலகத்தில் இருக்கிறார்கள்! எல்லாவற்றையும் முழு விலையில் சேர்த்தால் ஆயிரம் டாலரைத் தாண்டும். அந்தப் பணத்துக்கு என்னுடையது போல நாலைந்து லேப்டாப் வரும். தவிர, சேர்க்கச் சேர்க்க விளையாட்டு கனத்துக்கொண்டே போகும். பத்தொன்பதாயிரத்துப் பெட்டி மூச்சு வாங்கும். ஒன்றுமில்லாமல் ஆரம்பித்த ஆளின் விளையாட்டு இப்படிச் சாமான் சேர்க்கிறது.

நான் இலவசத்தோடு நிறுத்திக்கொண்டேன். அமைப்பில் 'லேப்டாப் மோட்' என்று ஒன்று இருக்கிறது, அதைத் தட்டி, நிழல்களைக் குறைத்ததும் நன்றாகவே ஓடுகிறது. முற்றம் வைத்த வீடு கட்டி முடித்துவிட்டேன். கூட்டுக்குடும்பம் வைக்கத்தான் வழியில்லை, ஒரு வீட்டில் எட்டுப் பேருக்கு மேல் சேர்க்க முடியாது. நான் வாக்கப்பட்டு வந்த வீட்டில் காலைக் காப்பிக்கே அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

வீட்டுக்காரர் பேப்பர் படிக்கிற சாக்கில் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் விளையாட்டில் வாரக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டேன். முதலில் விளக்கு அணைந்தது, பிறகு தண்ணீரும் நின்றது.

"கரெக்ட்" என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து. "கட்டலைன்னா புடுங்கத்தான் செய்வாங்க. ரீகனெக்‌ஷன் சார்ஜ் உண்டா?"

மறுநாள் மகனுக்கு அவரே போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். 'ஈகோ லைஃப்ஸ்டைல்' என்று ஒரு பேக் இருக்கிறதாமே, அதில் மொட்டைமாடியில் சோலார் பலகை போடலாமாமே, காற்றாலைகூட நிறுத்தலாமாமே, மிச்சக் கரண்டை விற்கவும் முடியுமாமே. விலை எவ்வளவு என்று கேட்டார். மகன் சொன்ன தொகையைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "உன் பென்ஷன் எப்ப வரும்?" என்றார்.