கயிற்றை இழுக்கும் முன்: கேள்வி-பதில்

கே: எங்கள் பெரியப்பா வாங்கிய மெஷின் ரம்பம் பல வருடங்களாகப் பரணில் கிடக்கிறது. எடைக்குப் போடலாமா, ஓட்டிப் பார்க்கலாமா?
– வாசகர், பாலக்கோடு

ப: பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தந்த காலமும் மலையேறிவிட்டது. எடைக்குப் போடாதீர்கள், ஓட்டிப் பாருங்கள். ஆனால் இன்றைக்கே கயிற்றை இழுக்க வேண்டாம். கை துறுதுறுக்கத்தான் செய்யும், அடக்கிக்கொள்ளுங்கள். இத்தனை வருடத்தில் சைலென்சருக்குள் குளவி கூடு கட்டியிருக்கலாம். பிஸ்டன் ரிங் துருவேறி ஒட்டியிருக்கலாம். வேகமாக ஒரு இழுப்பு இழுத்து ரிங் உடைந்தால், அது சிலிண்டரின் சுவரைக் கீறிவிடும். பிறகு அந்த மெஷின் நிஜமாகவே எடைக்குத்தான்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். அடுத்து சைலென்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துவாரத்தில் டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால், அது ஒருமுறை சூடேறிப் பிடித்துக்கொண்ட மெஷின். முழுவதும் பிரித்துப் பார்க்காமல் ஓட்டக் கூடாது. வழவழப்பாக இருந்தால் உங்கள் பெரியப்பா கவனமான மனிதர். பிளக் துளை வழியே நாலைந்து சொட்டு 2டி ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் காலையில், பிளக் இல்லாமலே, கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

அடுத்தது ஸ்பார்க். அந்தக் காலத்து மெஷின் என்றால் மேக்னெட்டுக்குக் கீழே பாயிண்டும் கண்டென்சரும் இருக்கும். சும்மா கிடந்த பாயிண்டின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்து கரண்டைத் தடுத்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், பாயிண்டுதான் தேயும். கெட்டியான சுத்தமான அட்டைத் துண்டு ஒன்றை இடையில் செருகி நாலு தடவை இழுங்கள். வழவழப்பில்லாத பழைய கல்யாணப் பத்திரிகை போதும். இடைவெளி பெரும்பாலான மெஷின்களில் 0.4 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும், பிளக்குக்கு 0.5.

கடைசியாக கார்புரேட்டர். பைக்கில் இருப்பது போன்ற மிதவை இதில் இருக்காது. மரம் அறுக்கிறவர் மெஷினைச் சாய்ப்பார், படுக்கவைப்பார், சில நேரம் தலைகீழாகவும் பிடிப்பார். மிதவை அதற்குத் தாங்காது. அந்த வேலையை டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் தகடு செய்கிறது. அதை வெளியே எடுத்து விரலால் அழுத்துங்கள். துணி போல வளைந்தால் நல்லது. அப்பளம் மாதிரி விறைத்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஸ்பார்க்கும் கம்ப்ரஷனும் இருந்தும் ஸ்டார்ட் ஆகாத பழைய மெஷினில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தத் தகட்டைத்தான். அதற்கடுத்து, விரல் பட்டதும் ஒடிந்துவிழும் பெட்ரோல் குழாயை.

கே: செயின் ரம்பத்தைக் கண்டுபிடித்தவர் மரவெட்டியா, தச்சரா?
– பள்ளி ஆசிரியர், அரூர்

ப: டாக்டர்! 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரு மருத்துவர்கள் எலும்பை அறுக்கப் பல்வைத்த சங்கிலியைப் பயன்படுத்தினார்கள். கையால் இழுப்பது, மோட்டார் எல்லாம் இல்லை. மரத்துக்கு வந்தது வெகு காலம் கழித்துத்தான். ஜெர்மனியில் ஆந்திரேயாஸ் ஸ்டில் 1926இல் மின்சார ரம்பமும் 1929இல் பெட்ரோல் ரம்பமும் செய்தார். தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தவர் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து மரத் தொழிலாளி ஜோசப் காக்ஸ். அதுவரை செயின்களின் பல் கைரம்பத்தின் பல்லைப் போலவே இருந்தது; மரத்தைப் பிறாண்டும், சீக்கிரம் மழுங்கும். 1946இல் ஒரு அடிக்கட்டையில் வண்டுப் புழு ஒன்று மரத்தைத் தின்றுகொண்டிருப்பதை காக்ஸ் பார்த்தார். அதன் தாடை இடம், வலம் என்று மாறி மாறிச் சீவியபடி, நாரின் போக்கைப் பற்றிக் கவலையே படாமல் முன்னேறியது. அந்தத் தாடையை அவர் இரும்பில் செய்தார். 1947இல் கம்பெனியும் தொடங்கினார். இன்றும் செயினில் இடப்பல், வலப்பல் என்று மாறி மாறி வருவது அதனால்தான்.

காரிமங்கலம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் புழுவின் உறவுக்காரரை நன்றாகத் தெரியும். துளையில் கம்பியை விட்டு வெளியே இழுத்துக் கொல்கிறீர்களே, தண்டுத் துளைப்பான், அதுவும் அதே நீள்கொம்பு வண்டுக் குடும்பம். அடுத்த தடவை ஒன்றை இழுத்துப் போடும்போது அதன் தாடையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கொல்லுங்கள்.

கே: பெட்ரோலில் ஆயில் எவ்வளவு கலப்பது? ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்.
– மாந்தோப்புக்காரர், காரிமங்கலம்

ப: மெஷினின் கையேடு சொல்வதுதான் கணக்கு. 1:25 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 1:50 என்றால் 20 மில்லி. பழைய மெஷின்கள் பல 1:25 கேட்பவை. ‘கொஞ்சம் கூடப் போனால் நல்லதுதானே’ என்று கண்ணளவில் ஊற்றாதீர்கள். ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது. புகையும் கரியும்தான் மிச்சம்.

இப்போது இன்னொரு தொல்லை. பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அந்தக் காலத்து ரப்பரை ஊதவைக்கும், இளகவைக்கும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். அடுத்த சீசனுக்கு என்று டேங்கில் பெட்ரோல் வைக்கவே வைக்காதீர்கள்.

கே: புது பிஸ்டன், புது ரிங் போட்டேன். ஒரு மாதத்தில் மறுபடியும் பிடித்துக்கொண்டது. பிஸ்டன் போலியா?
– வாசகர், பென்னாகரம்

ப: பிஸ்டன் மேல் பழி போடுமுன் முதல் பிஸ்டன் ஏன் போனது என்று யாராவது பார்த்தார்களா? பழைய மெஷின் வேலையில் என்னைக் கோபப்படுத்துவது இதுதான்: உடைந்ததை மாற்றுகிறோம், உடைத்ததைத் தேடுவதில்லை.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனியாக ஆயில் கிடையாது. பெட்ரோலோடு வருவதுதான் ஆயில். கிராங்க் ஷாஃப்டின் இரண்டு பக்கமும் ஆயில் சீல் இருக்கிறது. அது வயதாகி இறுகிப்போனால், அந்த இடுக்கு வழியே காற்று உள்ளே புகும். கலவையில் காற்று கூடி, பெட்ரோலும் அதோடு ஆயிலும் குறையும். இன்ஜின் கத்திக்கொண்டு நன்றாக ஓடுவது போலவே இருக்கும், உள்ளே வெந்துகொண்டிருக்கும். அடையாளம் சொல்கிறேன்: ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காது, ஐடிலில் ஓடும்போது மெஷினை இடமும் வலமும் சாய்த்தால் சத்தம் மாறும். இந்த இரண்டும் இருந்தால் உடனே நிறுத்துங்கள். சீல், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள கேஸ்கெட், இரண்டையும் மாற்றிவிட்டுப் பிஸ்டனுக்கு வாருங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது பிஸ்டனும் வாங்குவீர்கள்.

கே: புளியமரம் அறுத்தால் அரை மணி நேரத்தில் செயின் மழுங்குகிறதே?
– மரம் அறுப்பவர், நல்லம்பள்ளி

ப: புளி வயிரம் பாய்ந்த மரம், அது தன் குணத்தைக் காட்டத்தான் செய்யும். அதோடு நம் சாலையோரப் புளியமரங்களில் தட்டி, போஸ்டர், டியூஷன் விளம்பரம் என்று அடிக்காத ஆணி இல்லை. பட்டை மூடி வளர்ந்து ஆணியை விழுங்கிவிடும். சாலையோர மரம் என்றால் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல்வரை ஆணி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, பட்டையைச் செதுக்கிப் பார்த்து அறுங்கள்.

மழுங்கியதைக் கண்டுபிடிக்க மரத்தூளைப் பாருங்கள். கூரான பல் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கிய பல் மாவாகக் கொட்டும். பல்லை வெயிலில் திருப்பிப் பார்த்தால், கூர்முனையில் வெள்ளிக்கோடாக ஒளி தெரிந்தால் அது மழுங்கிய முனை. கூரான விளிம்பில் ஒளி நிற்க இடமிருக்காது. உருண்டை அரத்தை 30 டிகிரி கோணத்தில் வைத்து, முன்னால் மட்டும் தள்ளுங்கள். திரும்பி வரும்போது தூக்கிவிடுங்கள். செயினில் எந்தப் பல் மிகவும் குட்டையோ அதுதான் அளவு. எல்லாப் பல்லையும் அதற்குச் சமமாகக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கப் பல் நீளமாக இருந்தால் வெட்டு கோணலாகப் போகும். மெஷினைத் திட்டிப் பயனில்லை. பல்லுக்கு முன்னால் நிற்கும் மேட்டையும் அவ்வப்போது ராவ வேண்டும். அது பல்லின் முனையைவிட சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும்.

கே: செயினுக்குக் கழிவு ஆயில் ஊற்றலாமா?
– வாசகர், கடத்தூர்

ப: வேண்டாம். அதில் இன்னொரு இன்ஜினின் இரும்புத்தூள் இருக்கிறது, உங்கள் ஆயில் பம்ப்பைத் தின்றுவிடும். செயினில் ஊற்றும் ஆயில் முழுவதும் உங்கள் கையிலும் உங்கள் கிணற்றடி மண்ணிலும்தான் போய்ச் சேருகிறது.

கே: உடைந்த பாடியை வெல்டிங் பட்டறையில் ஒட்டித் தருவார்களா?
– வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

ப: பட்டறைக்காரரிடம் கொடுக்குமுன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: இது அலுமினியமாக இல்லாமல் மெக்னீசியம் கலவையாக இருக்கலாம். எடை குறைக்க ரம்பங்களின் பாடியை அதில் வார்ப்பார்கள். கிரைண்டர் வைத்தால் பறக்கும் தூள் தீப்பற்றும். பற்றிய தீயில் தண்ணீர் ஊற்றினால் அணையாது, வெடித்துச் சிதறும். காய்ந்த மணல்தான் மருந்து. மெக்னீசியத்தில் பழக்கம் இல்லாதவர் கை வைக்காமல் இருப்பதே நல்லது. ஓடாத மெஷின் இன்னொன்றிலிருந்து பாடியை எடுத்துப் போடுங்கள்.

கே: பளபளவென்று பெயிண்ட் அடிக்கலாமா?
– அதே வாசகர்

ப: மூடிக்கு அடிக்கலாம். சிலிண்டரின் செதில்களுக்கு அடிக்காதீர்கள், அவை மூச்சுவிடும் இடம்.

கே: என் பட்டா நிலத்தில் சந்தன மரம் நிற்கிறது. என் ரம்பம், என் மரம். அறுக்கலாமா?
– விவசாயி, அரூர் வட்டம்

ப: மரம் உங்களுடையதுதான், வெட்டுவது உங்கள் கையில் இல்லை. வனத்துறைக்கு விண்ணப்பித்து, அவர்கள் வழியாகத்தான் வெட்டவும் விற்கவும் முடியும். சந்தனத்தை வேரோடு தோண்டித்தான் எடுப்பார்கள். வேர்க்கட்டை எண்ணெய் நிறைந்தது.

உங்கள் வட்டத்தில் சந்தனத்தைப் பற்றி வாச்சாத்தியைச் சொல்லாமல் பேச எனக்கு மனம் வராது. 1992 ஜூன் 20இல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்தப் பழங்குடி கிராமத்துக்குள் நுழைந்து செய்த கொடுமைகளுக்கு, 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சந்தனம் பெயரைச் சொல்லி இந்த மண்ணில் யாரும் இன்னொரு முறை அழக் கூடாது. விண்ணப்பத்தை எழுதுங்கள்.

கே: பழைய மெஷினில் வேலை செய்யப் பயமாக இருக்கிறது என்கிறாள் என் மனைவி.
– வாசகர், பொம்மிடி

ப: அவர் சொல்வது சரி. செயின் ஓடும் பாரின் மூக்கின் மேல்பகுதி மரத்தில் பட்டால் மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். அப்போது செயினைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக் 1970களின் தொடக்கத்தில்தான் வரத் தொடங்கியது. அதற்கு முந்தைய மெஷினில் இருக்காது. அதிர்வைத் தாங்கும் கைப்பிடியும் பலவற்றில் இருக்காது, விரல் மரத்துப்போகும். அப்படிப்பட்ட மெஷினைப் பழுதுபாருங்கள், ஓட்டிக் காட்டுங்கள், தரையில் கிடக்கும் கட்டையில் ஒரு வெட்டு வெட்டுங்கள். தினக்கூலி வேலைக்கு பிரேக் உள்ள மெஷினே வேண்டும். எந்த மெஷினாக இருந்தாலும் வேட்டி, லுங்கி, தோளில் துண்டு மூன்றும் கூடாது. காதுக்கும் கண்ணுக்கும் மறைப்பு வேண்டும்.

கே: இந்த வேலையைக் கற்றுக்கொள்ள யாரிடம் போவது? கோயம்புத்தூரா, சென்னையா?
– ஐ.டி.ஐ. மாணவர், தருமபுரி

ப: அவ்வளவு தூரம் எதற்கு? டி.வி.எஸ் 50 மொபெட் 1980இல் ஓசூரில் பிறந்தபோது, ஓசூர் நம் மாவட்டத்து ஊர். 2004இல்தான் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. ரம்பத்தில் இருப்பதும் அதே டூ-ஸ்ட்ரோக் சங்கதிதான். மொபெட்டைப் பிரித்துப் பிரித்துக் கை பழகிய மெக்கானிக்குகள் இன்னும் நம் பஸ் நிலையத்துச் சந்துகளில் இருக்கிறார்கள். பாயிண்ட் வைக்கவும், சத்தத்தைக் கேட்டே காற்றுக் கசிவைச் சொல்லவும் தெரிந்த கடைசித் தலைமுறை. அவர்களில் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். போகும்போது மெஷினோடு, கடைசியாக ஓடிய பிளக்கையும் துடைக்காமல் கொண்டுபோங்கள். முனை வெளிர்ப் பழுப்பா, வெள்ளையா, ஈரக் கறுப்பா என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.