தகரக் கொட்டகை விஞ்ஞானி

திருச்சி, திருவெறும்பூர் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இப்படி ஒருவர் இருப்பார். ‘பெல்’ தொழிற்சாலையில் பாய்லர் செய்தே தலை நரைத்தவர். சூட்டை வெளியே விடாமல் அடைத்து வைக்கச் சம்பளம் வாங்கியவர், இப்போது அதே சூட்டை வெளியே துரத்தப் பென்ஷனைச் செலவழிக்கிறார்.

களம், வீட்டை ஒட்டிய கார் ஷெட். மேலே தகரம், வாசல் மேற்கே. கார் தெருவில் காய்கிறது. உள்ளே வைஸ், ட்ரில்லிங் மெஷின், வரிசையாய் மாட்டிய ஸ்பேனர்கள். அவர் மனைவி கேட்டது பூஜை அறைக்கு ஒரு சின்ன அலமாரி. அதற்கு அளவெடுத்தாயிற்று, பலகையும் வந்தாயிற்று. “ஷெட் கொஞ்சம் ஆறட்டும், ஒரே நாள்ல முடிச்சிடுறேன்” என்கிறார். ஷெட் ஆறவில்லை.

சித்திரை பிறந்ததும் கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பார். “வெள்ளை அடிச்சா வெயில் வந்த வழியே திரும்பிடும் சார்” என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடக்கும். உண்மைதான். ஆனால் மேற்குச் சுவருக்கு இந்தப் பாடம் தெரியாது. அது மதியமெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி எட்டு மணிவரை உள்ளே கக்கிக்கொண்டிருக்கும்.

அடுத்தது தெர்மாகோல். 2017-இல் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்க வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்டு, அது காற்றில் கரை ஒதுங்கியபோது ஊரே சிரித்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. “யோசனையில தப்பே இல்ல சார். ஒட்டுறதுலதான் கோட்டை விட்டுட்டாங்க” என்றார். தன் கூரைக்கு அடியில் ஒழுங்காகவே ஒட்டினார். அக்னி நட்சத்திரத்தில் பசை இளகி, அட்டைகள் ஒவ்வொன்றாக அவர் தலையில் இறங்கின.

பிறகு ஃபேன். ஃபேன் காற்றைக் குளிர்விக்காது, வியர்வையைத்தான் காய வைக்கும் என்று அவரே சொல்வார். சொல்லிக்கொண்டே, ஆளில்லாத ஷெட்டில் அதை ஓடவிட்டுச் சாப்பிடப் போவார். மீட்டருக்கு மட்டும் நல்ல வேலை.

கூலர் வந்த கதை தனி. ஈரக்காற்று வெளியே போக வழி வேண்டும்; ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இவரோ குளிர்ச்சி வீணாகிவிடும் என்று எல்லாக் கதவையும் இழுத்துச் சாத்தினார். உள்ளே இட்லிப் பானை மாதிரி ஆவி கட்டியது. ஸ்பேனர்கள் ஒரே வாரத்தில் செம்பட்டை பூத்தன. இப்போது துருவைத் தேய்ப்பது என்று புதிதாக ஒரு வேலை சேர்ந்திருக்கிறது. அதற்கும் ஷெட் ஆற வேண்டும்.

கடைசி ஆயுதம் ஏசி. “ஒரு டன் ஏசின்னா என்ன தெரியுமா? ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்கக் கரைய எவ்வளவு சூடு வேணுமோ, அவ்வளவையும் இழுத்து வெளிய தள்ளும்.” சமையலறையிலிருந்து பதில் வந்தது: “ஹாலுக்கே ஏசி இல்லீங்க. ரம்பத்துக்கு எதுக்கு?” அந்த ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

இந்த வாரம் அந்த அம்மா தச்சரைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர் பலகையைத் தூக்கிக்கொண்டு நேரே எதிர்ச்சாரி வேப்பமரத்தடிக்குப் போனார். நம்மவருக்குப் பொறுக்கவில்லை.

“உள்ள வந்து செய்யுங்க. எல்லா வசதியும் இருக்கு.”

தச்சர் ஷெட்டுக்குள் தலையை நீட்டினார். நீட்டிய வேகத்தில் இழுத்துக்கொண்டார். “இருக்கட்டுங்க ஐயா, இங்கயே காத்து வருது.”

மதியச் சாப்பாட்டுக்குள் அலமாரி தயார். சாமி குடியேறியாயிற்று. நம்மவர் மட்டும் இன்னும் மரத்தடியில் தெர்மாமீட்டரும் கையுமாக நிற்கிறார். ஷெட்டுக்கும் இங்கேயும் ஐந்து டிகிரி வித்தியாசமாம். ஷெட்டைக் கழற்றி வேப்பமரத்தடிக்கு நகர்த்த எஸ்டிமேட் தயாராகிறது.