மழைக்குப் பதில் ஆண்ட்ரோமெடா

உள்ளூர் டிவி வானிலைச் செய்தியில், நேயர்கள் மொட்டைமாடியிலிருந்து எடுத்த விண்மீன் மண்டலப் படங்களைக் காட்ட வேண்டும் என்பது என் பணிவான கோரிக்கை. 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் ஆய்வகம் பகலில் சூரியனைக் கவனித்துக்கொள்கிறது. ராத்திரி ஷிப்டை எங்கள் ஊர் ஆயக்குடி எடுத்துக்கொள்ளட்டுமே.

"சாயங்காலம் மழை வருமா தம்பி?" என்பார் கொய்யாத் தோப்புக்காரர். அவருக்கு ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தைக் காட்டலாம். 25 லட்சம் ஆண்டுக்கு முன் கிளம்பிய ஒளி. நேற்றைய மழைக் கணிப்பே பொய்த்த ஊரில் இத்தனை பழைய செய்தி பொய்க்காதது எவ்வளவு பெரிய ஆறுதல்! தவிர, மணிக்கணக்காக மேகமே எட்டிப்பார்க்காமல் இருந்தால்தான் படம் தேறும். ஆக, படம் எவ்வளவு அழகோ, தோப்பு அவ்வளவு காய்ந்திருக்கும்; இதைவிடத் துல்லியமான வானிலை அறிக்கை உண்டா?

தெருவிளக்குதான் ஒரே இடைஞ்சல். அதை மின்தடை தீர்த்துவைக்கும். அன்றைக்கு டிவி மட்டும் ஓடாது.