வக்கீலம்மாவுக்குக் கிடைத்த பபூன் வேஷம்

ஆண் பெண்ணாக வேஷம் கட்டினால் கலை. பெண் வக்கீலாக வேலை பார்த்தால் காமெடி. நூறு வருஷத்துக்கு முந்தைய திருவனந்தபுரத்தின் ரசனை இப்படித்தான் இருந்தது.

சந்தேகம் இருந்தால் டி.கே.சண்முகத்தைப் பாருங்கள். அந்த ‘டி.கே.’ திருவனந்தபுரம் கண்ணுசாமி. அவர் பிள்ளை நரைமுடியும் கூனுமாகக் கிழவி வேஷம் கட்டினார். தமிழ்நாடு ‘அவ்வை’ என்று பட்டமே கொடுத்துவிட்டது. மலையாள மேடையில் ஓச்சிற வேலுக்குட்டி ஸ்திரீபார்ட்டாக வந்தால் கொட்டகையே கிறங்கும். புடவைக்குள் இருப்பது ஆண் என்றால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. கறுப்பு அங்கிக்குள் இருப்பது பெண் என்றால்தான் ஊருக்கு வயிற்றைக் கலக்கியது. கலக்கத்தை மறைக்கச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு வந்து மாட்டியவர் அன்னா சாண்டி. 1905இல் பிறந்தவர். 1926இல் சட்டம் படித்துத் தேறினார். கேரளத்தில் சட்டப் பட்டம் வாங்கிய முதல் பெண். கல்லூரியில் சக மாணவர்கள் பாடத்தைவிடக் கேலியில்தான் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். 1929இல் கோர்ட்டுக்குள் நுழைந்தார். கணவர் பி.சி.சாண்டி போலீஸ் அதிகாரி. பிடித்து உள்ளே போடுகிறவரும் வெளியே எடுக்கிறவரும் ஒரே வீட்டில் சாப்பிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் வழக்கு பேசினார்களா என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில்தான் டி.கே.வேலுப்பிள்ளை மேடை ஏறினார். பெரிய வக்கீல், பின்னாளில் திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவலைத் தொகுத்தவர். பெண்களுக்குச் சர்க்கார் உத்தியோகம் கூடாது, குடும்பம் சீரழிந்துவிடும் என்று பேசினார். அன்னா எழுந்தார். கோபப்படவில்லை, கண்ணீர் விடவில்லை. வேலுப்பிள்ளையின் பேச்சை ஒரு பிராதாக மாற்றினார். அவரை வாதியாக்கி, வாதி கோரும் பரிகாரம் என்னவென்று அன்னாவே விளக்கினார்: ஆண்களின் வீட்டுச் சுகத்துக்காகவே படைக்கப்பட்ட இந்த ஜந்துக்கள் சமையலறைச் சன்னிதியைவிட்டு வெளியே வராதபடி தடை உத்தரவு வேண்டும்! பிறகு ஒவ்வொரு வாதமாக உரித்தார். சம்பாதிக்கிற மனைவி கஷ்டகாலத்தில் புருஷனுக்குக் கைகொடுப்பாளே தவிர பாரமாக இருக்கமாட்டாள் என்றார். சிரிப்பு இப்போது வேறு பக்கம் திரும்பியது. பபூன் வேஷம் கொடுத்து அனுப்பினால், பபூன் ராஜபார்ட்டையே நையாண்டி செய்துவிட்டுப் போகிறது!

அன்னாவின் சமத்துவத்துக்குத் தள்ளுபடி கிடையாது. திருவிதாங்கூரில் பெண்களைத் தூக்கில் போடமாட்டார்கள். மற்றவர்களாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு நன்றி சொல்லியிருப்பார்கள். அன்னா அந்தச் சலுகையும் வேண்டாம் என்றார். சமம் என்றால் கயிறும் சமம்.

‘ஸ்ரீமதி’ என்று பத்திரிகை நடத்தினார். 1931இல் திருவிதாங்கூர் சட்டமன்றமான ஸ்ரீமூலம் சபைத் தேர்தலில் நின்றார். எதிராளிகளுக்குக் கொள்கை தேவைப்படவில்லை; பெண் நிற்கிறாள் என்பதே போதுமான சரக்கு. பத்திரிகையிலும் துண்டுப் பிரசுரத்திலும் ஆபாசமாக எழுதித் தோற்கடித்தார்கள். அடுத்த வருஷம் மறுபடி நின்று ஜெயித்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் சிரிப்பை நிறுத்தவேண்டும். ஏறக்குறைய இதே வருஷங்களில், இதே ஊரில், அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஜே.சி.டானியேல் ‘விகதகுமாரன்’ என்ற ஊமைப்படத்தை கேபிடல் கொட்டகையில் திரையிட்டார். கதாநாயகி பி.கே.ரோஸி, தமிழும் மலையாளமும் கலந்து கேலி பேசும் காக்காரிசி நாடகத்திலிருந்து வந்தவர். தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்துவிட்டாள் என்று திரையில் கல் விழுந்தது. படத்தைத் தொடங்கிவைத்தவர் ஊரறிந்த வக்கீல் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை. தன் படத்தின் முதல் காட்சியில் வந்து உட்கார ரோஸிக்கு அனுமதி இல்லை. நாகர்கோவில் பக்கம் தப்பிப் போனவர் ராஜம்மாள் என்ற பெயரிலேயே வாழ்ந்து முடித்தார். அன்னாவுக்குப் பின்னால் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் இருந்தது. அவருக்குக் கேலியோடு போயிற்று. ரோஸிக்குப் பேச ஒரு வக்கீலும் இல்லை.

1937இல் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. அன்னாவை முன்சீப் ஆக்கினார். பெண்ணை நீதிபதி நாற்காலியில் உட்காரவைத்தால் கூரை இடிந்து விழுகிறதா என்று பார்க்கும் பரிசோதனை அது. கூரை விழவில்லை. 1948இல் ஜில்லா ஜட்ஜ். 1959இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. இந்தியாவிலேயே முதல் பெண். 1967வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

அன்னாவைக் காட்டித்தான் பத்தனம்திட்டைத் தகப்பனார் ஒருவர் தன் மகளை, நீயும் சட்டம் படி, என்று திருவனந்தபுரம் அனுப்பினார். மகள் பாத்திமா பீவி. 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. அப்புறம் நம் தமிழ்நாட்டுக் கவர்னர். 2001 மே மாதம் அவர் ஒரு முன்னாள் நடிகைக்கு முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். நடிகையின் பெயரைத் தமிழனுக்குச் சொல்லவேண்டியதில்லை. சில வாரங்களில் பீவி பதவியைவிட்டு விலகினார். செப்டம்பரில் அந்த முதலமைச்சர் நியமனமே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். பெண்ணாயிற்றே என்று சட்டம் இரண்டு பேருக்குமே ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

அன்னா 1996இலேயே போய்விட்டார். இருந்திருந்தால் தீர்ப்பை முழுசாகப் படித்துப் பார்த்து, கயிறு சமமாகத்தான் இருக்கிறது என்று திருப்திப்பட்டிருப்பார்.