இட்லிப் பூவும் வெட்சித்திணையும்: செம்பூர்க் குடியிருப்புகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்: மும்பை, செம்பூரில் மதிற்சுவரோரம் சிவந்து நிற்கும் இட்லிப் பூச்செடி. தாவரவியலார் இதை இக்ஸோரா காக்சினியா என்பர். ரூபியேசி குடும்பம், காப்பிச் செடிக்குப் பங்காளி. இட்லிக்கும் காப்பிக்கும் உறவு உண்டென்பதை மாதுங்காவாசிகள் தாவரவியல் படிக்காமலே கண்டறிந்துவிட்டனர்.

ஆய்வுச் சிக்கல்: சங்கத் தமிழர் இப்பூவை வெட்சி என்றனர். பகைவரின் ஆநிரையைக் கவரப் போகும் வீரர் இதைச் சூடினர். அன்று பூவைச் சூடிப் பசுவைத் திருடினார்கள். பசுவுக்கு வழியில்லாத செம்பூரில் இன்று பூவையே திருடுகிறார்கள். இம்மாற்றம் இதுவரை முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளப்படாதது வியப்பே.

துறை விளக்கம்: இப்பூவின் பெயரால் வழங்கும், ஆநிரை கவரும் வெட்சித்திணைக்குத் தொல்காப்பியம் கூறும் துறைகள் 14. களத்தில் ஐயமின்றிக் காணக்கிடைப்பவை வருமாறு. மாலை நடையின்போது எந்தக் கொத்து நாளை விரியும் என்று நோட்டம் விடுவது 'வேய்'. பால் பாக்கெட் வருமுன், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுவது 'செலவு'. குடைக்காம்பால் கிளையை வளைப்பது 'ஆகோள்'. கவர்ந்த நிரையை நோகாமல் ஓட்டிவருவது 'நோயின்று உய்த்தல்'. இங்கே அது ஜவுளிக்கடைப் பையில் கசங்காமல் கொண்டுவருவது. எதிர் ஃபிளாட் மாமிக்கு நாலு கொத்து கொடுப்பது 'பாதீடு'. மிச்சம் செட்டா நகர் முருகனுக்கு; அது 'கொடை'. முருகனுக்கு உகந்த பூ என்பதால் இத்துறையில் குற்றவுணர்ச்சி அறவே இல்லை.

எதிர்த்தரப்பு: நிரை மீட்பது கரந்தை, அது சொசைட்டி செக்ரட்டரியின் பொறுப்பு. மதில் காப்பது நொச்சி. அது வாட்ச்மேனின் வேலை. வாட்ச்மேனுக்குக் காலைக் காப்பி தருபவரே பூப் பறிப்பவராகவும் இருப்பதால், நொச்சி நடக்கிறதா இல்லையா என்பதில் உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பூப் பறிக்கக் கூடாதென்ற பலகை மராத்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. தமிழில் இல்லாததால் தமக்குப் பொருந்தாது என்பது மாமிகளின் வாதம். இருதரப்பும் நேருக்கு நேர் பொருதும் தும்பை, ஜெனரல் பாடி மீட்டிங்கில் மட்டும் நிகழும்.

ஆய்வு முடிவு: இச்செடி கிளை நுனியில்தான் பூக்கும். கொத்தைக் காம்போடு கிள்ளினால் கீழ்க்கணுவில் பக்கக்கிளைகள் தழைத்து, அவற்றின் நுனிகளிலும் பூ வரும். மாலி சம்பளம் வாங்கிக்கொண்டு கத்தரியால் செய்வதை மாமி சம்பளமின்றி நகத்தால் செய்கிறார். கிளையோடு முறிப்பவர் மட்டுமே உண்மையான பகைவர். அவருக்கு இலக்கணத்தில் இடமில்லை.

பரிந்துரை: விதையிலிருந்து வளர்த்தால் பூவுக்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டும், குச்சி நட்டால் சீக்கிரம் பூக்கும். ஆகவே அடுத்த ஜூன் மழையில், பூவோடு பென்சில் கனத்தில் ஒரு குச்சியையும் கவருங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தாராவி கும்பார்வாடாவில் வாங்கிய மண்தொட்டியில் நிழலில் ஊன்றுங்கள். வேர் பிடித்ததும் நல்ல வெயில் விழும் ஜன்னலுக்கு மாற்றுங்கள். தொட்டியை மட்டும் மதிற்சுவர்ப் பக்கம் வைத்துவிடாதீர்கள். செம்பூரில் எல்லாரும் தொல்காப்பியம் அறிந்தவர்கள்.